ஒன்பதாம் சீட்டுக் கிழவர்

டாரட் கார்டு என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இப்போது நம் வயதில்கூடக் குறைவு. ராசிபலன் சொல்லும் சேனல்களில் அதற்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். செல்போனைத் திறந்தால், 'மூன்று கார்டில் ஒன்றைத் தொடுங்கள், உங்கள் மனதில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று சொல்கிறேன்' என்று நல்ல தமிழிலேயே அழைக்கிறார்கள். இளவட்டங்களுக்குக் காதல், கல்யாணம், வெளிநாட்டு வேலை. அது அவர்கள் பாடு என்று நானும் சும்மா இருந்தேன். இப்போது பென்ஷன்காரர்கள் பக்கமும் கடையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வழக்கு இதுதான். அந்தச் சீட்டுக்கட்டில் ஒன்பதாம் எண் போட்ட சீட்டு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'ஹெர்மிட்' என்று பெயர். தமிழில் சிலர் துறவி என்கிறார்கள், சிலர் முனிவர் என்கிறார்கள். நீண்ட அங்கி, வெள்ளைத் தாடி, ஒரு கையில் கோல், மறு கையில் லாந்தர். வயதான ஒருவருக்கு இந்தச் சீட்டு விழுந்துவிட்டால், 'இது உங்கள் தனிமைக் காலம், எல்லாரிடமிருந்தும் ஒதுங்கி இருக்கச் சொல்கிறது' என்று பலன் சொல்கிறார்கள். அப்படி நிலையான ஒரு பலன் அந்தச் சீட்டுக்குள் கிடையாது. எந்தக் கட்டு, எந்த ஊரில் போட்டது, எந்த வருஷத்தது, யார் எழுதிய விளக்கம் என்று சொல்லாமல் 'இந்தச் சீட்டுக்கு இதுதான் அர்த்தம்' என்று ஒருவர் சொன்னால், அவர் விஷயம் தெரியாதவர், அல்லது தெரிந்தே மறைக்கிறவர்.

இவ்வளவு காட்டமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. காலை நடைக்குப் பிறகு பார்க்கில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசுவது எங்கள் வழக்கம். அதில் ஒருவருக்கு எழுபத்து நான்கு வயது. மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகனும் மருமகளும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். 'அங்கே ஏன் தனியாகக் கிடக்கிறீர்கள், இங்கே வந்து இருங்கள்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போவதா வேண்டாமா என்று இவருக்கு ஊசலாட்டம். யாரோ சொன்னார்கள் என்று போனிலேயே பணம் அனுப்பி டாரட் பலன் கேட்டிருக்கிறார். விழுந்தது ஒன்பதாம் சீட்டு. 'இடம் மாறாதீர்கள், யாரோடும் அதிகம் ஒட்டாதீர்கள், உள்ளே திரும்புங்கள்' என்று பதில் வந்தது. மகனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை, பார்க்குக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். வீட்டுக்கே போய்க் கேட்டேன். "கார்டு அப்படித்தானே வந்துச்சு சார், நான் என்ன பண்றது?" என்றார். படித்த மனிதர், முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர்.

நான் சர்வே டிபார்ட்மெண்டில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பத்திரத்தை எடுத்துக்கொண்டு யாராவது வந்து, 'சார், நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்றால், நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த நூற்றுப் பன்னிரண்டு?' என்பதுதான். பழைய சர்வே எண்ணா, யூ.டி.ஆருக்குப் பிந்தையதா, டவுன் சர்வேயா? அதற்கும் முந்தைய பைமாஷ் எண்ணா? பழைய எண்ணில் தென்னந்தோப்பாக இருந்தது புதிய எண்ணில் வாய்க்காலாக இருக்கும். எந்தப் பதிவேடு என்று தெரியாத எண் வெறும் எண்தான். அதை நம்பிக் கல் நட முடியாது. சீட்டிலும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். எந்தக் கட்டின் ஒன்பது? அந்தக் கிழவரின் மூலப் பத்திரத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனேன்.

முதலில் டாரட் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 78 சீட்டுகள். அதில் 56 நம் சீட்டுக்கட்டு போலத்தான், நான்கு ஜாதி, ஜாதிக்குப் பதினான்கு. மீதி 22 படச்சீட்டுகள். காதலர்கள், தேர், சக்கரம், சாவு, சூரியன், சந்திரன் என்று போகும். இது பிறந்தது எகிப்தில் அல்ல, இமயமலையிலும் அல்ல. வட இத்தாலியில், பதினைந்தாம் நூற்றாண்டின் முதல் பாதியில். 1440-இல் ஃபிளாரன்ஸிலும் 1442-இல் ஃபெராராவிலும் எழுதிவைத்த குறிப்புகளில் இந்தச் சீட்டுகள் வருகின்றன. எதற்காகப் பிறந்தது? விளையாட. பொழுதுபோக்க. வேறு எதற்கும் இல்லை.

அந்த 22 படங்களில் 21 மற்றச் சீட்டுகளை வெட்டுகிற சீட்டுகள். இத்தாலியில் அவற்றுக்கு 'டிரயோன்ஃபி' என்று பெயர், வெற்றி ஊர்வலங்கள் என்று பொருள். 304 ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 'துருப்பு' என்று நாம் சொல்கிறோமே, ஐரோப்பியர்கள் வழியாக நம் திண்ணை வரைக்கும் வந்து சேர்ந்த அந்தச் சொல்லுக்கும் மூலம் இந்த டிரயோன்ஃபிதான். ஆக, ஒன்பதாம் சீட்டுக் கிழவர் முதலில் ஒரு துருப்பு. அவ்வளவுதான்.

அந்தக் கிழவரின் மிகப் பழைய உருவங்களில் ஒன்று, மிலான் பிரபு குடும்பத்துக்காக 1450-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்கத் தகடு ஒட்டிக் கையால் வரைந்த கட்டில் இருக்கிறது. விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா கட்டு என்று அதற்குப் பெயர். 74 சீட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. ஒரு பகுதி நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில், ஒரு பகுதி இத்தாலியில் பெர்காமோ ஊர் அருங்காட்சியகத்தில், மீதி ஒரு குடும்பத்தின் கையில். அந்தச் சீட்டில் கிழவர் நல்ல உடுப்போடு, பெரிய தொப்பி போட்டுக்கொண்டு, கோல் ஊன்றி நிற்கிறார். ஆனால் கையில் லாந்தர் இல்லை. மணல் கடிகாரம் இருக்கிறது.

பாரிஸ் தேசிய நூலகத்தில் 17 சீட்டுகள் உள்ள இன்னொரு பழைய தொகுப்பு இருக்கிறது. ஆறாம் சார்லஸ் மன்னருக்காக 1392-இல் வரைந்தது என்று வெகுகாலம் நம்பினார்கள். பிறகுதான் அது அடுத்த நூற்றாண்டின் இத்தாலியச் சரக்கு என்று தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதிலும் இந்தக் கிழவர் மணல் கடிகாரத்தைத்தான் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொலோன்யா ஊர்க் கட்டில் கிழவருக்கு முதுகில் சிறகு, கீழே ஊன்றுகோல்கள். ஃபிளாரன்ஸில் 'மின்கியாத்தே' என்று 97 சீட்டுகளோடு ஒரு பெரிய ஆட்டம் இருந்தது. அங்கே அவருக்கு எண் ஒன்பதுகூட இல்லை, பதினொன்று. ஊன்றுகோல், மணல் கடிகாரம், பின்னால் ஒரு கலைமான். ஊர் மக்கள் அவரைக் 'கூனர்' என்றே கூப்பிட்டார்கள்.

சிறகு, ஊன்றுகோல், மணல் கடிகாரம், மான் எல்லாம் சேர்ந்தால் யார்? அன்றைய இத்தாலியர்களுக்கு இது விடுகதையே அல்ல. பெட்ரார்க் என்ற கவிஞர் பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய ஊர்வலக் காவியத்தில் காதலைக் கற்பு வெல்லும், கற்பைச் சாவு வெல்லும், சாவைப் புகழ் வெல்லும், புகழைக் காலம் வெல்லும். அந்தக் காலத்தைப் படம் போட்டவர்கள் இப்படித்தான் போட்டார்கள். அதாவது நம் கிழவர் துறவியே அல்ல. அவர் காலம். பிரபுவாக இருந்தாலும் சமையல்காரனாக இருந்தாலும் பொழுது ஓடுகிறது என்று சொல்ல வந்தவர். 'ஒதுங்கி இரு' என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் எதையாவது சொன்னார் என்று வைத்துக்கொண்டால், 'நேரம் போகிறது, செய்ய வேண்டியதைச் செய்' என்றுதான் சொல்லியிருப்பார். என் நண்பருக்கு வந்த பலனுக்கு நேர் எதிர்.

பிறகு சீட்டுகள் பிரான்சுக்குப் போயின. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து மலிவாக விற்க ஆரம்பித்தார்கள். 'மார்செய் டாரட்' என்று இன்று சொல்லும் வகை இது. அந்த ஊரில் நிக்கோலா கான்வேர் என்பவர் 1760-இல் போட்ட கட்டு மிகவும் பிரசித்தம். இந்த வகையில் கிழவரின் கையில் மணல் கடிகாரம் போய் லாந்தர் வந்துவிட்டது. படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கை அதே உயரத்தில்தான் இருக்கிறது, கையில் இருக்கும் பொருள்தான் மாறியிருக்கிறது. நகலுக்கு நகல் எடுக்கும்போது என்ன ஆகும் என்று ரிக்கார்டு ரூமில் முப்பது வருஷம் பார்த்தவன் நான். கிணறு என்று குறித்த வட்டம் நாலாவது நகலில் மரமாக நிற்கும். இங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். எப்படியானாலும், கடிகாரம் லாந்தரானதும் காலக் கிழவர் சந்நியாசி ஆகிவிட்டார். பெயரும் அப்படியே அச்சாகிவிட்டது.

இதுவரைக்கும் பலன் சொல்கிற பேச்சே பெரிதாக இல்லை. மைக்கேல் டம்மெட் என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தத்துவப் பேராசிரியர் இருந்தார். தர்க்கத்தில் பெரிய புள்ளி. அவர் 1980-இல் டாரட் ஆட்டத்தின் வரலாற்றை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். நூற்றாண்டுக் கணக்கில் இது வெறும் சீட்டாட்டமாகத்தான் இருந்தது, மாந்திரீக வேஷமெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் மாட்டியது என்று ஆதாரத்தோடு காட்டினார்.

அந்த வேஷத்தை மாட்டியவர்களில் முதல்வர் கூர் தெ ஜெபெலென். 1781-இல் வெளிவந்த தம் நூலின் எட்டாம் தொகுதியில், இந்தச் சீட்டுகள் பண்டைய எகிப்திய ஞானிகள் ஒளித்துவைத்த புத்தகம் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷம்போல்லியோன் படித்துக் காட்டியதே 1822-இல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்பு, ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல், இவர் புத்தகத்தையே படித்துவிட்டார்! நம் கிழவரை இவர் உண்மையையும் நீதியையும் தேடும் ஞானி ஆக்கினார். பட்டப்பகலில் விளக்கேந்தி யோக்கியனைத் தேடினாராமே கிரேக்கத்து டயோஜெனிஸ், அவரோடு சேர்த்துப் பேசினார். மணல் கடிகாரம் கையிலேயே இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லியிருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து வந்தவர்தான் எனக்குப் பிடித்தவர். பாரிஸ்காரர், பெயர் அல்லியெட். தன் பெயரைப் பின்னாலிருந்து திருப்பி எழுதி 'எட்டெய்லா' என்று வைத்துக்கொண்டு பலன் சொன்னார். குறி சொல்வதற்கென்றே தனியாக 1789-இல் ஒரு கட்டு போட்டார். அதில் இதே அங்கி, இதே லாந்தர், இதே கோல். ஆனால் எண் பதினெட்டு. சீட்டில் அச்சிட்ட அர்த்தம் என்ன தெரியுமா? துரோகி! என் நண்பர் அன்றைய பாரிஸில் பணம் கொடுத்துப் பலன் கேட்டிருந்தால், 'பக்கத்திலேயே ஒருவன் உங்களை ஏமாற்றுகிறான்' என்று பதில் கிடைத்திருக்கும். அந்தப் பலனாவது பலித்திருக்கும்.

இப்போது நம் ஊரில் புழங்கும் படத்துக்கு வருகிறேன். அது லண்டனில் 1909 டிசம்பரில் வெளியானது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது. படம் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. பதிப்பித்தவர்கள் ரைடர் கம்பெனி. வெகுகாலம் 'ரைடர்-வெயிட் கட்டு' என்றே சொன்னார்கள். பாடுபட்டு வரைந்த பெண்ணின் பெயர் விட்டுப்போயிற்று. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அந்தப் படத்தில் கிழவர் பனி மூடிய உச்சியில் நிற்கிறார். லாந்தருக்குள் ஆறு முனை நட்சத்திரம் ஒளிர்கிறது. செல்போனில் தமிழ்ப் பலன் சொல்கிறவர்கள் பெரும்பாலும் காட்டுவது இதை அல்லது இதன் நகலை. என் நண்பருக்கு வந்ததும் இதுதான்.

சரி, இந்தக் கட்டைப் போட்டவரே இந்தச் சீட்டைப் பற்றி என்ன எழுதினார்? கட்டு வந்த ஓரிரு ஆண்டுகளில் வெயிட் ஒரு விளக்க நூல் வெளியிட்டார். பலன் பட்டியலில் இந்தச் சீட்டுக்கு முதலில் விவேகத்தையும் எச்சரிக்கையையும் சொல்கிறார். அதை ஒட்டியே, குறிப்பாகத் துரோகம், பாசாங்கு, போக்கிரித்தனம், ஊழல் என்று அடுக்குகிறார். எட்டெய்லாவின் பழைய துரோகி அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பலன் சொல்கிறவர்களில் யாராவது இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே நூலின் இன்னொரு பகுதியில் படத்துக்குத் தம் சொந்த விளக்கத்தைத் தருகிறார். இது தேடி அலைகிறவரின் சீட்டு அல்ல, அடைந்துவிட்டவரின் சீட்டு என்கிறார். உச்சியில் நிற்கும் கிழவர் விளக்கைத் தூக்கிப் பிடிப்பது கீழிருந்து ஏறி வருகிறவர்களுக்காக, அவர்களும் அங்கே வர முடியும் என்று காட்டுவதற்காக. இன்னும் ஒன்று சொல்கிறார், இதைக் கவனியுங்கள். பிறர் கலப்பு படாமல் தன்னைக் காத்துக்கொள்ளத் தனித்து இருப்பதுதான் இந்தச் சீட்டின் பொருள் என்று ஒரு விளக்கம் இருந்தது. அதை எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பிவிட்ட ஆழமில்லாத பேச்சு என்று வெயிட் தள்ளிவிடுகிறார். அதாவது, யார் போட்ட கட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'ஒதுங்கி இரு' என்று சொல்கிறார்களோ, அவரே அந்த அர்த்தம் வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கட்டை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

இன்னும் இரண்டு கட்டுகளைப் பார்த்துவிட்டு முடிக்கிறேன். அலெஸ்டர் குரோலி என்ற இங்கிலாந்துக்காரரின் திட்டத்தில் ஃப்ரீடா ஹாரிஸ் என்ற சீமாட்டி 1938-லிருந்து 1943 வரை வரைந்த 'தோத்' கட்டு. சீட்டாக அச்சில் வந்தது 1969-இல், இருவரும் காலமான பிறகு. அதில் கிழவரின் முகமே தெரியாது. பின்னால் கோதுமைக் கதிர்கள், பாம்பு சுற்றிய முட்டை, மூன்று தலை நாய். குரோலியின் விளக்கம் முளைக்கும் விதையையும் கருவுறுவதையும் பற்றிப் போகிறது. இன்னொன்று, அமெரிக்காவில் இரண்டு பெண்கள் சேர்ந்து 1981-இல் வெளியிட்ட 'மதர்பீஸ்' கட்டு. சீட்டுகள் வட்டமாக இருக்கும். அதில் ஒன்பதாம் சீட்டில் கிழவரே இல்லை. கிழவி. வாழ்ந்து பார்த்த மூதாட்டி.

கணக்குப் போடுவோம். காலம், கூனர், சந்நியாசி, உண்மை தேடும் ஞானி, துரோகி, வழிகாட்டும் விளக்கு, விதை, மூதாட்டி. ஒரே சீட்டுக்கு 580 வருஷத்தில் இத்தனை. இதில் எது 'அந்தச் சீட்டின் அர்த்தம்'? காலவரிசையில் மூத்தது வேண்டுமென்றால் காலம். கட்டைப் போட்டவர் வாக்கு வேண்டுமென்றால் வழிகாட்டி. 'தனிமை' இந்த இரண்டிலும் இல்லை.

அப்படியானால் இந்தத் தனிமை பரவியது எப்படி? போன நூற்றாண்டின் பின்பாதியில் டாரட்டை மனதைப் புரிந்துகொள்ளும் கருவியாக்கி மேல்நாட்டில் நிறையப் புத்தகங்கள் வந்தன. இந்தச் சீட்டுக்கு அவை சொல்வது, 'கூட்டத்திலிருந்து சற்று விலகி உட்கார்ந்து யோசி' என்பது. தினமும் பத்து மணி நேரம் ஆபீஸில் அடைந்து கிடக்கும் முப்பது வயதுக்காரருக்கு அது நல்ல யோசனைதான். இரண்டு நாள் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் புத்தி தெளியும். அந்த வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எடுத்து, சமையலறையில் ஒரே ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் எழுபத்து நான்கு வயதுக்காரரிடம் சொன்னால் என்ன ஆகும்? கூட்டமே இல்லாதவர் எந்தக் கூட்டத்திலிருந்து விலகுவார்? ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு விஷம் என்று தெரியாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். முதல் பதில், 'ஒவ்வொரு கட்டும் ஒரு பாஷை சார், அந்தந்தப் பாஷையில் படிக்க வேண்டும்.' ரொம்ப சரி. நானும் அதைத்தான் சொல்கிறேன். தெலுங்குக்காரர் 'நாக்கு அவசரம் லேது' என்றால் அவருக்கு அது தேவையில்லை என்று அர்த்தம். தமிழ்க் காதில் கேட்டால் மெதுவாகக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். அவர் பேசுவது எந்தப் பாஷை என்று தெரியாமல் மொழிபெயர்த்தால் வியாபாரம் கெடும். அப்படியானால் பலன் சொல்லும்போது எந்தப் பாஷை என்று முதலில் சொல்லுங்கள். 'இது 1909-ஆம் வருஷத்து லண்டன் கட்டு, நான் சொல்வது இன்னார் புத்தகப்படி' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்ல மாட்டார்கள். சொன்னால் 'பண்டைய ரகசியம்' போய்விடும்.

இரண்டாவது பதில், 'புத்தகம் முக்கியமில்லை, எனக்கு உள்ளுணர்வில் வருகிறது.' நல்லது. அப்படியென்றால் 'எனக்குத் தோன்றுகிறது' என்று சொல்லட்டும். 'கார்டு சொல்கிறது' என்று ஏன் சொல்ல வேண்டும்? முன்பின் தெரியாத ஒருவர் போனில், 'நீங்கள் மகன் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது' என்று சொல்லியிருந்தால், என் நண்பர், 'நீ யாரம்மா அதைச் சொல்ல?' என்று போனை வைத்திருப்பார். அந்தக் கேள்வி எழாமல் இருக்கத்தான் கார்டு தேவைப்படுகிறது.

மூன்றாவது பதில், 'இதெல்லாம் ஒரு மன ஆறுதல், யாருக்கு என்ன நஷ்டம்?' இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தனிமையை உடல்நலப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அதற்கென்றே ஒரு குழு அமைத்தது. டாக்டர்கள் நம்மிடம் மாத்திரையோடு சேர்த்துச் சொல்வது என்ன? நாலு பேரோடு பழகுங்கள், பேசுங்கள், நடங்கள். அதற்கு நேர் எதிரானதைப் பணம் வாங்கிக்கொண்டு சொல்வது ஆறுதலா? ஒரு பேரப்பிள்ளையின் வீட்டில் தாத்தாவுக்கென்று ஒழித்து வைத்த அறை காலியாக இருக்கிறது. நஷ்டம் இல்லை என்று அவர்களிடம் போய்ச் சொல்லட்டும்.

நான் சீட்டுக்கு எதிரி அல்ல. அந்த மிலான் கட்டின் படங்களை நீங்களும் பாருங்கள், கண்ணுக்கு விருந்து. ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு தன் மனதைத் தானே கேட்டுப் பார்க்கிறவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஜாதகம், பிரசன்னம், கிளி ஜோசியம் பற்றி இங்கே பேசவும் இல்லை. அதில் உங்களுக்கு உள்ள நம்பிக்கை உங்களோடு. நான் சொல்வது இந்தச் சீட்டைப் பற்றி, அதன் பெயரால் நடக்கும் வியாபாரத்தைப் பற்றி.

இனி உங்களில் யாராவது டாரட் பலன் கேட்கப் போனால், பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தக் கட்டு, யார் போட்டது? நீங்கள் சொல்லும் அர்த்தம் யார் எழுதியது? இதே சீட்டு இருபத்தைந்து வயதுப் பையனுக்கு வந்தால் என்ன சொல்வீர்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அவனுக்கு 'கொஞ்சம் ஓய்வெடு, பிறகு பெரிய வாய்ப்பு வரும்' என்றும், உங்களுக்கு 'ஒதுங்கி இரு' என்றும் பதில் வந்தால், பேசுவது சீட்டு இல்லை. வயதானவர்கள் ஓரமாக இருக்க வேண்டும் என்று ஊரில் உலவும் நினைப்பு, லாந்தரைத் தூக்கிக்கொண்டு வந்து பேசுகிறது.

கடைசியாக ஒன்று. அந்தக் கிழவர் சீட்டைப் போட்ட வட இத்தாலிக்காரர்கள் அதைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பதற்காகப் போடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சத்தம் போட்டு, சண்டை பிடித்து, சிரித்து ஆடுவதற்காகப் போட்டார்கள். மார்செய்க் கட்டை வைத்து ஆடினால் ஒன்பது எட்டை வெட்டும், பத்து ஒன்பதை வெட்டும். ஆட்ட விதிப்படி அந்தச் சீட்டுக்கு உள்ள அர்த்தம் அதுதான். ஆனால் வெட்டுவதற்கும் வெட்டுப்படுவதற்கும் எதிரே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.